ஆடும் அலுவலகக் கதிரையை எறிய வேண்டாம்: சாய்வு மெக்கானிசத்தை மாற்றும் முழு வழிகாட்டி

கொழும்பில் அடுக்குமாடிகளின் வாசலில், குப்பை வண்டிக்காக வெளியே தள்ளிவைக்கப்பட்ட அலுவலகக் கதிரையைக் கண்டால் நின்று அதைக் கவிழ்த்துப் பார்ப்பது என் வழக்கம். பல நேரங்களில் சில்லுகள் நன்றாக உருளும். ஐந்து கால்களும் நேராக இருக்கும். மெத்தையில்கூடக் கிழிசல் இருக்காது. இருக்கைக்குக் கீழே நான்கு போல்ட்டுகளால் பூட்டப்பட்ட ஓர் இரும்புப் பெட்டி மட்டும் தளர்ந்திருக்கும். கதிரை பின்னால் சாய்வதும், நிமிர்வதும், ஓரிடத்தில் பூட்டி நிற்பதும் அந்தப் பெட்டியின் வேலை. கடைகளில் அதை மெக்கானிசம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தனியாக விற்கிறார்கள், வீட்டிலேயே மாற்றலாம்.

மாற்றத்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2022-இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 350-ஐத் தாண்டியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. அதற்கு முன் வாங்கிய ஒரு நல்ல கதிரையின் தரத்தில் இன்று புதியது வாங்கப் போனால் விலை மலைக்க வைக்கிறது. கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவற்றில் பல, மெல்லிய தகடும் பிளாஸ்டிக் காலுமாக இருக்கின்றன. வீட்டில் கனமான கதிரை ஒன்று ஆடிக்கொண்டிருந்தால், அதைக் காப்பாற்றுவதே உங்கள் முதுகுக்கும் பணப்பைக்கும் நல்லது.

இந்த வேலையில் பாதிக்கு மேல் ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடும். எது கெட்டிருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்து, சரியாக அளவெடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது போல்ட் கழற்றிப் பூட்டுவதுதான். அதனால் அந்த இரண்டையும் பற்றிச் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

அமர்ந்த சிறிது நேரத்தில் கதிரை தானாகக் கீழே இறங்குகிறதா? அது பெரும்பாலும், இருக்கையைத் தாங்கி ஏற்றி இறக்கும் நடுத்தூணான காஸ் சிலிண்டரின் கோளாறு. மெக்கானிசத்தை மாற்றினாலும் தொடர்ந்து இறங்கும். ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. சிலிண்டரின் உச்சியில் ஒரு சிறிய பொத்தான் இருக்கிறது. உயரத்தை மாற்றும் நெம்புகோல் அதைத்தான் அழுத்துகிறது. நெம்புகோல் வளைந்து அந்தப் பொத்தானை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருந்தாலும் கதிரை இறங்கும். அப்படியானால் சிலிண்டர் நல்லது; குற்றவாளி மெக்கானிசம்.

கதிரை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறதா? இருக்கையின் எந்த ஓரம் தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, கால்கள் அசையாமல் இருக்கையை மட்டும் அரை வட்டம் சுழற்றுங்கள். தாழ்ந்த ஓரம் இருக்கையோடு சேர்ந்து சுற்றி வந்துவிட்டால் கோளாறு மேலே இருக்கிறது: மெக்கானிசம், இருக்கைப் பலகை அல்லது சிலிண்டரின் மேல்குழாய். சுழற்றிய பிறகும் அறையின் அதே மூலையை நோக்கியே தாழ்ந்திருந்தால் கோளாறு கீழே: கால், சில்லு அல்லது சிலிண்டரின் வெளிக்குழாய். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் கடைக்குப் போகவே கூடாது.

அடுத்து, தரையில் பாய் விரித்துக் கதிரையைக் கவிழ்த்து வையுங்கள். ஒருவர் கால்களைப் பிடித்து ஆட்ட, மற்றவர் கைத்தொலைபேசி விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு பாகங்கள் சந்திக்கும் கோட்டின் மேல் விரல் நுனியை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். சுருள்வில் இருக்கும் இடைவெளிக்குள் மட்டும் விரலை விடாதீர்கள்.

அசைவு நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும். பலகைக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையில் அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கலாம்; இறுக்கினாலே கதிரை சரியாகிவிடும், ஒரு சதமும் செலவில்லை. மெக்கானிசத்தின் உள்ளேயே, சாய்வின் அச்சாணியில் அசைந்தால் அதை மாற்ற வேண்டும். மெக்கானிசமும் சிலிண்டரும் சேரும் இடத்தில் அசைந்தால் சிலிண்டர் நுழையும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. அப்போதும் மெக்கானிசத்தை மாற்ற வேண்டும், சிலிண்டரின் நுனியையும் கவனமாகப் பார்க்க வேண்டும். சிலிண்டரின் மெல்லிய குழாய் தடித்த குழாய்க்குள் ஆடினால் சிலிண்டரை மாற்ற வேண்டும்.

அச்சாணி தேய்ந்திருந்தால் அதைச் சுற்றிக் கருமையான பசை போல ஒன்று படிந்திருக்கும். பழைய கிறீஸும் உரசி உதிர்ந்த இரும்புத் தூளும் கலந்தது அது. துணியால் துடைத்து விளக்கின் கீழே பிடித்தால் துகள்கள் மினுங்கும்.

வெடிப்பு என்றால் இன்னும் கவனம். நான்கு துளைகள் உள்ள தகடும் சிலிண்டர் நுழையும் குழலும் ஒட்டவைக்கப்பட்ட வெல்டிங் ஓரத்தில்தான் முதலில் வெடிக்கும். கறுப்பு வர்ணத்தின் மேல் மயிரிழை போல ஒரு கோடும், அதன் ஓரத்தில் செம்மஞ்சள் கறளும் தெரியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடற்கரைப் பகுதி வீடுகளில் உப்புக்காற்றால் பல இடங்களில் கறள் பிடித்திருக்கும். அதனால் வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். வெடிப்புத்தான் என்று தெரிந்தால் அன்றிலிருந்து அந்தக் கதிரையில் யாரையும் அமர விடாதீர்கள். அது முழுதாக விட்டுப்போகும்போது பின்னால் சாய்ந்திருப்பவரின் தலைதான் முதலில் தரையில் மோதும்.

வெடிப்பை வெல்டிங் செய்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது என்பதே என் முடிவு. மெல்லிய தகட்டில் ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். எப்படியும் ஒட்டுவது என்று தீர்மானித்தால்கூட, சிலிண்டர் பூட்டியிருக்கும் நிலையில் வெல்டிங் கடைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். உள்ளே உயர் அழுத்தத்தில் நைதரசன் வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. சூடேறினால் உயிராபத்து.

உங்கள் மெக்கானிசம் எந்த வகை?

முதுகுப்பகுதி எதில் பூட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வகையைத் தீர்மானிப்பது அதுதான்.

முதுகுப்பகுதி இருக்கைப் பலகையிலோ கைப்பிடிகளிலோ பூட்டப்பட்டு, இரண்டும் ஒன்றாகவே சாய்ந்தால் உங்களுடையது எளிய வகை. பெரும்பாலும் ஒரே நெம்புகோல்தான் இருக்கும்: தூக்கினால் உயரம் மாறும், வெளியே இழுத்தால் சாய்வு விடுபடும். இதிலேயே சற்று மேம்பட்ட வகை ஒன்று உண்டு. அதில் அச்சு சிலிண்டருக்கு மேலே இல்லாமல் முழங்கால் பக்கமாக முன்னுக்குத் தள்ளி இருக்கும். சாயும்போது பாதம் தரையை விட்டு எழும்பாது. துளைகளின் அளவு பொருந்தினால் எளிய வகையைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டலாம். நீண்ட நேரம் அமர்ந்து வேலை செய்பவர்களுக்கு இந்த மாற்றத்தை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

முதுகுப்பகுதியின் இரும்புச் சட்டம் நேரே மெக்கானிசத்தின் பின்பக்கத்தில் பூட்டப்பட்டிருந்தால் கவனம். இருக்கை கொஞ்சம் சாய, முதுகு அதைவிட அதிகமாகச் சாயும் ஒத்திசைவு வகை அப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்று நெம்புகோல்கள் உள்ள பல்செயல் வகையும் பெரும்பாலும் அப்படியே. இவற்றுக்கு அதே வகைதான் வேண்டும். எளிய வகையை வாங்கி வந்தால் முதுகைப் பூட்ட இடமே இருக்காது. முதுகுச் சட்டம் பொருந்தும் போல்ட்டுகளின் இடைவெளியையும் இங்கே அளக்க வேண்டும்.

அளவெடுத்தல்

நான்கு போல்ட்டுகளுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீற்றரில் எடுங்கள். நடுவிலிருந்து நடுவுக்கு அளப்பது கண்ணை ஏமாற்றும். ஒரு போல்ட் தலையின் இடது ஓரத்திலிருந்து அடுத்த போல்ட் தலையின் இடது ஓரம் வரை அளந்தால் அதே தூரம் பிழையின்றிக் கிடைக்கும். முன்னிரண்டின் இடைவெளி, பின்னிரண்டின் இடைவெளி, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள தூரம் என்று மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். சில கதிரைகளில் முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் ஒடுங்கியும் இருக்கும்.

பரவலாகக் காணப்படும் அளவு 150-க்கு 200 மில்லிமீற்றர். உங்களுடையது அதுதானா என்று உறுதிசெய்ய மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். சரியாக 250 வர வேண்டும். இன்னொரு அளவு ஏறக்குறைய 152-க்கு 260. துளைகள் நீளவாக்கில் வெட்டப்பட்டிருந்தால் சில மில்லிமீற்றர் வித்தியாசம் தாங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பின்பக்கப் போல்ட் வரிசையிலிருந்து சிலிண்டரின் நடுப்புள்ளி வரை எவ்வளவு என்பதையும் அளங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நான்கு துளையும் அச்சாகப் பொருந்தி, சிலிண்டர் குழல் மட்டும் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளியிருந்தால் உடல் எடை கால்களின் நடுவில் விழாது. மிகவும் முன்னுக்கு இருந்தால் சாயும்போது கதிரை பின்னால் கவிழப் பார்க்கும். 20 மில்லிமீற்றர் வரையான வித்தியாசத்தை ஏற்கலாம். அதற்கு மேல் நான் பூட்டமாட்டேன்.

சிலிண்டரின் மேல்நுனி பெரும்பாலான கதிரைகளில் ஏறக்குறைய 28 மில்லிமீற்றர் விட்டமுள்ள கூம்பு. ஆகவே அது பொருந்தாமல் போவது அரிது. இருந்தாலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றி அதன் புரியைப் பாருங்கள். 6 மில்லிமீற்றர் போல்ட்டும் கால் அங்குலப் போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அடிமட்டத்தில் 10 மில்லிமீற்றர் நீளத்துக்கு எத்தனை புரி என்று எண்ணுங்கள். 10 வந்தால் அது எம்6 எனப்படும் 6 மில்லிமீற்றர் போல்ட். 8-க்குச் சற்றுக் குறைவாக வந்தால் கால் அங்குலம். ஒன்றை மற்றதன் நட்டுக்குள் திணித்தால் இரண்டு சுற்றில் இறுகி, புரியைத் தின்றுவிடும்.

இறுதியாக ஒரு கடதாசியை அந்தத் தகட்டின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து, துளைகளின் அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் எண்களைச் சொல்லி விளக்குவதைவிட அந்தக் கடதாசியை நீட்டுவது எளிது.

கழற்றுதல்

புதியதை வாங்குவதற்கு முன்பே பழையதைக் கழற்றிவிடச் சொல்வேன். சிலிண்டர் பிரிய மறுத்தால் இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும். அது பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்திருப்பது நல்லது.

தேவையானவை: அலன் சாவித் தொகுதி, 10 மற்றும் 13 மில்லிமீற்றர் ஸ்பானர், ஒரு கிலோ அளவான சுத்தியல், கட்டையான ஒரு மரத்துண்டு, டபிள்யூடி-40 போன்ற கறள் எண்ணெய், கண்ணாடி. படிக்கும் கண்ணாடி அல்ல, கண்ணைக் காக்கும் கண்ணாடி.

கதிரையைக் கவிழ்த்து, போல்ட் தலைகளில் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். அலன் சாவியைத் துளைக்குள் அடிவரை தட்டி இறக்கிய பிறகே திருப்ப வேண்டும். பாதி நுழைந்த சாவி தலையை உருட்டிவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். கைப்பிடிகளும் அதே போல்ட்டுகளில் பூட்டப்பட்டிருந்தால் இடது வலது என்று அடையாளம் எழுதிவையுங்கள். கழற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள்.

இருக்கை தனியாக வந்துவிட்டது. இனி மெக்கானிசத்தைச் சிலிண்டரிலிருந்து பிரிக்க வேண்டும். இந்த வேலையில் மனிதரைச் சோதிக்கும் இடம் இதுதான்.

இங்கே போல்ட்டோ பசையோ கிடையாது. போத்தலில் தக்கை இறுகுவது போல, கூம்பு கூம்புக்குள் இறுகியிருக்கிறது. ஒவ்வொரு முறை நீங்கள் அமரும்போதும் உங்கள் எடை அதை இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறது. ஆகவே இழுத்தால் வராது. அதிர்வு கொடுத்தால்தான் வரும். முதல் நாள் இரவே, குழலும் சிலிண்டரும் சேரும் வளையத்தைச் சுற்றி எண்ணெய் விட்டுவிடுங்கள்.

மறுநாள் இரண்டு பேராகச் செய்யுங்கள். ஒருவர் ஐந்து கால்களையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்க, மெக்கானிசம் பாய்க்கு ஒரு சாண் மேலே தொங்க வேண்டும். மற்றவர், சிலிண்டரை ஒட்டியுள்ள தடித்த இரும்பின் மேல் மரத்துண்டை வைத்துக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். ஒரே பக்கம் அடிக்காமல் எதிரெதிர் பக்கமாக மாறி மாறி அடியுங்கள். மெல்லிய தகட்டில் அடித்தால் தகடு வளையுமே தவிரக் கூம்பு அசையாது. அடியின் ஓசை திடீரென்று மாறும். அடுத்த அடியில் மெக்கானிசம் பாயில் விழும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பகலில் செய்யுங்கள், கீழ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பைப் ரெஞ்சால் சிலிண்டரைப் பிடித்துத் திருகும் முறை ஒன்றும் உண்டு. சிலிண்டரையும் மாற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும் அதைச் செய்யுங்கள். பளபளப்பான அந்த மெல்லிய குழாயில் ரெஞ்சின் பல் பதிந்தால், ஏறி இறங்கும்போது உள்ளிருக்கும் பிளாஸ்டிக் புஷ்ஷை அது அறுக்கும்.

எதற்கும் அசையவில்லையா? வாகனத் திருத்துமிடம் ஒன்றுக்கு எடுத்துச் செல்லுங்கள். பால் ஜொயின்ட் கழற்றுவதற்கு அவர்களிடம் கவட்டை வடிவில் ஓர் ஆப்பு இருக்கும். அதை இடையில் செருகி அடித்தால் பிடிவாதமான கூம்பும் விடும். சூடு காட்டலாம் என்று யாராவது சொன்னால் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வாங்குதல்

போல்ட், வாஷர், டி-நட் (இருக்கைப் பலகைக்குள் பதிக்கும் பற்கள் உள்ள நட்) போன்றவற்றுக்குப் பழைய சோனகத் தெருவுக்குப் போங்கள். கொழும்பு 12-இன் அந்தத் தெருவில் ஹார்ட்வெயார் கடைகள் வரிசையாக இருக்கின்றன; ஒன்றில் இல்லாத அளவு அடுத்ததில் கிடைக்கும். ஞாயிறும் போயா தினமும் பெரும்பாலும் பூட்டு. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகளை மூடுவார்கள். மெக்கானிசத்தை அலுவலகக் கதிரை திருத்துபவர்களிடமும், தளபாட உதிரிப்பாகம் விற்பவர்களிடமும் கேளுங்கள். பழைய மெக்கானிசத்தையே ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சில கிலோதான் இருக்கும். 100-ஆம் இலக்க, 101-ஆம் இலக்க பஸ்களில் மடியில் வைத்துக்கொண்டே புறக்கோட்டைக்குப் போய்விடலாம்.

கடையில் மெக்கானிசத்தைக் கையில் வாங்கி நிதானமாகப் பாருங்கள். வெல்டிங் கோடு குழலைச் சுற்றி இடைவெளியின்றி ஓட வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாயும் பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். புதியதிலேயே ஆடுவது கதிரையில் இன்னும் ஆடும். நெம்புகோலைப் பலமுறை இழுத்துத் தள்ளிப் பூட்டு தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். தகட்டின் தடிப்பு 2 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் நான் வாங்கமாட்டேன். தாங்கும் எடை எவ்வளவு என்று கேளுங்கள். சாதாரணமானவை 100 முதல் 120 கிலோவுக்குச் செய்யப்படுகின்றன. உடல் கனமானவர்கள் கனரக வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

புதியதன் விலை கையைக் கடித்தால் இன்னொரு வழி இருக்கிறது. மெத்தை கிழிந்தோ கால் உடைந்தோ கழித்துவிடப்பட்ட கதிரைகளில் மெக்கானிசம் நல்லதாகவே இருக்கும். இடம் மாறும் அலுவலகங்களும் பழைய இரும்புக் கடைகளும் அவற்றை மலிவாகத் தருகின்றன. மேலே சொன்ன அதே சோதனைகளைச் செய்து வாங்குங்கள்.

இருக்கைப் பலகையும் டி-நட்டும்

புதியதைப் பூட்டுவதற்கு முன் பலகையைப் பாருங்கள். போல்ட்டுகள் பிடிப்பது மரத்தில் அல்ல, மெத்தைப் பக்கமிருந்து பலகைக்குள் பதிக்கப்பட்ட பற்கள் உள்ள டி-நட்டில். போல்ட் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் டி-நட்டின் பற்கள் மரத்தை விட்டுவிட்டன என்று பொருள். தகட்டுக்கும் பலகைக்கும் இடையில் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பிக்கொண்டே திருப்புங்கள்; பற்கள் மரத்தில் அழுந்தி, போல்ட் கழன்று வரும்.

அப்படி விட்டுப்போன டி-நட்டை அப்படியே வைத்துப் பூட்டுவது வீண். பலகையின் அடியில் துணியைப் பிடித்திருக்கும் ஸ்டேப்பிள் கம்பிகளைத் தட்டையான ஸ்குரூ டிரைவரால் நெம்பி, அந்தப் பக்கத் துணியை மட்டும் விலக்கி, ஸ்பொன்ஜை மெதுவாகத் தூக்குங்கள். பழைய டி-நட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்போது சற்றுத் திருப்பி வையுங்கள். பற்கள் கடிபடாத மரத்தில் இறங்க வேண்டும். சுத்தியலால் அடித்து மட்டும் இறக்காமல், மறுபக்கத்திலிருந்து பெரிய வாஷர் போட்ட போல்ட்டால் இறுக்கி உள்ளே இழுங்கள். நேராக இறங்கும், நன்றாகப் பிடிக்கும்.

பலகை ஊறிப்போயோ பிளந்தோ இருந்தால் 12 மில்லிமீற்றர் பிளைவுட்டில் அதே வடிவத்தில் புதியது வெட்டுங்கள். மரத்தூள் அழுத்திய பலகை வேண்டாம். டி-நட்டை அது நெடுநாள் தாங்காது. துணியை மீண்டும் இழுத்துப் பிடித்து அடிக்கக் கை வராவிட்டால், குஷன் வேலை செய்யும் பாஸ் ஒருவரிடம் கொடுங்கள். வாகன இருக்கை தைப்பவர்களுக்கு இது சில நிமிட வேலை.

துளைகளின் அளவு பொருந்தாத மெக்கானிசம்தான் கிடைத்தது என்றாலும் இந்தக் கட்டத்திலேயே வழிசெய்யலாம். பலகையில் புதிய இடத்தில் துளையிட்டு எம்6 டி-நட் பதியுங்கள். அதற்கு 8 மில்லிமீற்றர் துளை சரியாக இருக்கும். பழைய துளையிலிருந்து இரண்டு விரல் அகலமாவது தள்ளி இருக்கட்டும். பலகையில் எத்தனை துளை வேண்டுமானாலும் போடலாம், மெக்கானிசத்தின் தகட்டில் போடாதீர்கள்.

பூட்டுதல்

போல்ட்டின் நீளத்தை முதலில் சரிபாருங்கள். ஓர் ஈர்க்கை டி-நட்டின் துளைக்குள் விட்டு, ஸ்பொன்ஜ் மெதுவாகத் தடுக்கும் இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து அளந்தால் பலகையின் ஆழம் தெரியும். அதனுடன் தகட்டின் தடிப்பையும் வாஷரின் தடிப்பையும் கூட்டுங்கள். போல்ட் அந்த நீளத்தைத் தாண்டக் கூடாது. 12 மில்லிமீற்றர் பலகைக்குப் பெரும்பாலும் 16 மில்லிமீற்றர் போல்ட் சரியாக வரும். நீளமானது ஸ்பொன்ஜைத் துளைத்துத் தொடையில் குத்தும். குட்டையானது இரண்டு புரியில் மட்டும் தொங்கிக்கொண்டு ஒரு நாள் பிடுங்கிக்கொள்ளும்.

மெக்கானிசத்தில் முன்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி பெரும்பாலும் இருக்கும். அது இல்லாவிட்டால், சாய்வின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பெரிய குமிழ் பெரும்பாலான வகைகளில் முழங்கால் பக்கம் வர வேண்டும் என்பதையும், உயரத்துக்கான நெம்புகோல் அமர்பவரின் வலக்கைப் பக்கம் வர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் பூட்டும்போது கதிரை கவிழ்ந்து கிடக்கிறது. இடது வலது மாறித் தெரியும். எடுத்து வைத்த படங்களைப் பாருங்கள்.

ஒவ்வொரு போல்ட்டிலும் சுருள் வாஷர் தலையை ஒட்டியும், தட்டை வாஷர் அதற்கு அடுத்தும் வர வேண்டும். புரியில், போல்ட் தளராமல் பிடிக்கும் நீல நிறப் புரிப்பசை ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்ற முடியாது. நான்கையும் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றிய பிறகே சாவியை எடுங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டால் மற்றவற்றின் துளை விலகிவிடும். பிறகு மூலைக்கு மூலை மாறி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். சுருள் வாஷர் தட்டையாக அமுங்கியதும் கால் சுற்று, அவ்வளவுதான். முழுப் பலத்தையும் காட்டினால் டி-நட் பலகைக்குள் புதைந்துவிடும்.

இப்போது சிலிண்டரின் கூம்பையும் குழலின் உட்புறத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். முந்தைய நாள் விட்ட எண்ணெய் துளியும் இருக்கக் கூடாது. இந்தப் பிடிப்பு உராய்வால் மட்டுமே நிற்கிறது. எண்ணெயோ கிறீஸோ இருந்தால் கதிரையைத் தூக்கும்போது இருக்கை கையோடு வந்துவிடும். கிறீஸ் வேண்டிய இடம் சாய்வின் அச்சாணி. அங்கே சிறிது பூசுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் வெல்டிங் ஓரங்களில் வர்ணம் விட்டுப்போன இடங்களையும் இப்போதே பூசிவிடுங்கள்.

கால்களை நிமிர்த்தி வைத்து, இருக்கையை நேராகச் சிலிண்டரின் மேல் இறக்குங்கள். சுத்தியல் வேண்டாம். முழு எடையையும் கொடுத்து அமர்ந்தால் கூம்பு தானாக இறுகிக்கொள்ளும்.

அமர்ந்து பார்த்தல்

நெம்புகோலைத் தொடாமல் சில நிமிடம் அமர்ந்திருங்கள். கதிரை இறங்கினால் நெம்புகோல் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறது. தூக்கத் தொடங்கும்போது அதற்குச் சிறிது வெற்று அசைவு இருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் நுனியைச் சற்று விலக்கிச் சரிசெய்ய வேண்டும். மாறாக, முழுதாகத் தூக்கியும் உயரம் மாறாவிட்டால் நுனி பொத்தானை எட்டவில்லை.

முதல் முறை சாயும்போது பின்னால் ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். பூட்டு ஒவ்வொரு நிலையிலும் பிடிக்கிறதா, விடுவித்தால் தடையின்றிச் சாய்கிறதா, ஏதாவது முனகுகிறதா என்று பாருங்கள். முனகினால் பெரும்பாலும் ஒரு போல்ட் சரியாக அமரவில்லை.

பிறகு குமிழைச் சரிசெய்யுங்கள். வலஞ்சுழியாகத் திருப்பினால் சாய்வு கடினமாகும், இடஞ்சுழியாகத் திருப்பினால் இலகுவாகும். வீட்டில் பலர் பயன்படுத்தும் கதிரை என்றால் அதிக நேரம் அமர்பவரின் எடைக்கு ஏற்ப வையுங்கள். முதுகைச் சற்று அழுத்தினால் சாயவும், அழுத்தத்தைக் குறைத்தால் தானாக நிமிரவும் வேண்டும். காலால் தரையை உதைத்துத்தான் நிமிர முடிகிறது என்றால் இறுக்கம் போதாது; சாய்வதற்கே கைப்பிடியைப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தால் கூடிவிட்டது.

ஒரு வாரம் பயன்படுத்திய பிறகு கதிரையை மீண்டும் கவிழ்த்து, நான்கு போல்ட்டுகளையும் சாவி வைத்துப் பாருங்கள். புதிய டி-நட்டின் பற்கள் இந்த நாட்களில் மரத்துக்குள் இன்னும் சற்று இறங்கியிருக்கும். போல்ட்டில் இளக்கம் தெரிந்தால் அந்த அளவுக்கு மட்டும் இறுக்கிவிடுங்கள். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.